குறி தவறாத துப்பாக்கி

ஆகஸ்ட் 17, சனி

இனிமேல் அடுத்தவன் துப்பாக்கியைத் தொடுவதில்லை. இன்றோடு சரி.

இசக்கிராஜ் கூப்பிட்டானே என்று இந்த டாலஸ் வெயிலில் ஒரு மணி நேரம் கார் ஓட்டிக்கொண்டு போனேன். அவன் உறுப்பினராக இருக்கும் துப்பாக்கிச் சங்கத்தில், அவனுடைய பழைய .22 ரைஃபிளை வாங்கிச் சுட்டேன். ஐம்பது கஜத்தில் ஒரு காகிதம். ஐந்து குண்டும் ஐந்து ஊரில் விழுந்தன. ஒன்று என் காகிதத்திலேயே இல்லை, பக்கத்து மேஜைக்காரரின் காகிதத்தில் இருந்தது. அந்த டெக்சஸ் தாடிக்காரர் தொப்பியைத் தூக்கி எனக்கு நன்றி சொன்னார்.

"என்னவே டாக்டரே, பல்லு புடுங்குத கை இந்த ஆட்டம் ஆடுது?" என்றான் இசக்கிராஜ். திருநெல்வேலிக்காரன். இந்த ஊருக்கு வந்த நாளிலிருந்து பழக்கம் என்பதால் வாய்க்கு வந்ததைச் சொல்லுவான்.

கை ஆடவில்லை. அந்த ரைஃபிளின் விசை துருப்பிடித்த தாழ்ப்பாள் மாதிரி. இழுக்கிற இழுப்பில் குழல் கோணிக்கொள்கிறது. இதைச் சொன்னால் சிரிக்கிறான்.

வியாழக்கிழமை கிளினிக்கில் மரிசாவும் இப்படித்தான். என்னோடு கூட்டாகக் கிளினிக் நடத்தும் இளைய டாக்டர், கெட்டிக்காரி, அதில் சந்தேகமில்லை. நான் ஒரு அம்மாளுக்குப் பல் உறை பொருத்திக்கொண்டிருந்தபோது என் வலது கையையே பார்த்துக்கொண்டு நின்றாள். அப்புறம் தனியாக வந்து, "டாக்டர் சென்னியப்பன், களைப்பாக இருக்கிறதா?" என்றாள். அன்று மூன்று காபி குடித்திருந்தேன். ஐம்பத்தாறு வயதில் ஒரு மனிதன் மூன்று காபி குடிக்கக் கூடாதா? பல் டாக்டருக்குக் கைதான் சோறு போடுகிறது. அதைப் பார்த்து ஒரு கேள்வி கேட்டுவிட்டால் சும்மா விட முடியுமா?

சங்கத்தில் அக்டோபர் நடுவில் ஒரு போட்டி இருக்கிறதாம். சொந்தமாக ஒரு நல்ல ரைஃபிள் வாங்கி அதில் சுட்டுக் காட்டுகிறேன். அந்தக் காகிதத்தைக் கொண்டுபோய்க் கிளினிக்கில் மரிசாவின் மேஜைக்கு எதிரே ஒட்டுகிறேன்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வளர்மதியிடம் சொன்னேன். வீட்டுக்காரியிடம் சொல்லாமல் துப்பாக்கி வாங்கிய தமிழன் எவனும் இந்த ஊரில் உயிரோடு இல்லை.

"துப்பாக்கியா? ஏனுங்க மாமா, கோபில எங்கப்பாரு தோட்டத்துல காட்டுப்பன்னி வந்தப்பகூட பட்டாசுதான் போட்டாரு. இங்க என்ன வருதுன்னு உங்களுக்குத் துப்பாக்கி?"

விளையாட்டுக்கு என்றேன். ரிம்ஃபயர் என்றால் சின்னத் தோட்டா, விளிம்பில் அடித்தால் வெடிக்கும், காகிதத்தில் ஓட்டை போடத்தான் என்று விளக்கினேன். போட்டி விதிப்படி செமி-ஆட்டோ வேண்டும், அதாவது ஒவ்வொரு குண்டுக்கும் விசையை ஒருமுறை அழுத்தவேண்டும், அடுத்த குண்டு தானாக ஏறிக்கொள்ளும் என்றும் சொன்னேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு என் கையைப் பார்த்தாள். இவளுக்கும் இதே வேலை.

"சரி வாங்குங்க. ஆனா ஒரு நல்ல ஃபிரிட்ஜ் என்ன வெலையோ அதுக்கு மேல ஒரு காசு தரமாட்டேன், சொல்லிப்போட்டேன்."

கடைசியில் என் பட்ஜெட் ஒரு ஃபிரிட்ஜ்.

ஆகஸ்ட் 24, சனி

மூன்று கடை. மூன்று கடையிலும் தலைவலி.

இணையத்தில் படித்துவிட்டுப் போனதுதான் தப்பு. எல்லாரும் வாங்கும் ஒரு மலிவு ரைஃபிள் இருக்கிறது. அதை வாங்கு, ஆனால் குழலை மாற்று, விசையை மாற்று, தோளில் வைக்கும் கட்டையை மாற்று என்கிறார்கள். எல்லாவற்றையும் மாற்றிய பிறகு நான் எதை வாங்கினேன் என்று கேட்டால் பதில் இல்லை. ஒருவன் பெருமையாகப் படம் போட்டிருக்கிறான், அவன் ரைஃபிளில் தொழிற்சாலையிலிருந்து வந்தது ஒரு திருகாணி மட்டும்தானாம். இன்னொருத்தன் ஜெர்மன் சரக்கு ஒன்றைச் சொன்னான். அது ஃபிரிட்ஜ் இல்லை, சமையலறை முழுவதும்.

மூன்றாவது கடையில் பையன் கைமுழுக்கப் பச்சை குத்தியிருந்தான். துல்லியம் வேண்டும், ஆனால் நடுத்தர விலை என்றேன். கனத்த குழல் உள்ள ஒன்றை எடுத்து வைத்தான். தூக்கினால் அம்மிக்குழவி மாதிரி கனம். "கனம் அதிகம் என்றால் ஆடாது" என்றான். அந்த வார்த்தை எனக்குப் பிடித்துப் போனது.

வளர்மதி இதற்குள் அவனிடம் கேரண்டி எத்தனை வருஷம், வேறு நிறத்தில் உண்டா, திருப்பிக் கொடுத்தால் எடுத்துக்கொள்வீர்களா என்று எல்லாம் கேட்டுமுடித்துவிட்டாள். மேட்டூர் அணை திறந்த மாதிரி கேட்கிறாள். பையன் அவளைத்தான் வாங்குகிற ஆள் என்று நினைத்து ரைஃபிளை அவள் கையில் கொடுத்தான். தோளில் வைத்து, ஒரு கண்ணை மூடி, அசையாமல் நின்றாள். "மேடம் நன்றாகப் பிடிக்கிறார்" என்றான். இதெல்லாம் வேண்டாத பேச்சு.

இன்னும் முடிவு செய்யவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

ஒரு வாரமாகக் காபி அரை டம்ளர்தான் வருகிறது. கேட்டால் "பால் கம்மி" என்கிறாள். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன். இரண்டு கேன் பால் இருக்கிறது.

செப்டம்பர் 7, சனி

வாங்கியாயிற்று. கனத்த குழல். பட்ஜெட்டுக்குள்தான், குறிபார்க்க மேலே மாட்டும் ஸ்கோப்பைத் தனியாகக் கணக்கு வைத்தால். வளர்மதிக்கு ஸ்கோப் கணக்கு இன்னும் தெரியாது.

விநாயகர் சதுர்த்தி, நல்ல நாள் என்று அவளே துரத்திவிட்டாள். கடையிலிருந்து வந்ததும் கொழுக்கட்டையைத் தின்றுவிட்டு இசக்கிராஜோடு நேராகச் சங்கத்துக்குப் போனேன். மேஜைமேல் முழங்கையை ஊன்றி, மூச்சை நிறுத்தி, பொறுமையாகப் பத்து குண்டு. காகிதத்தைக் கொண்டுவந்து பார்த்தால் அம்மை போட்ட முகம் மாதிரி இருக்கிறது.

இசக்கிராஜ் காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். "புது சாமானம்லா டாக்டரே, பழகணும்" என்றான். அவன் கேலி பண்ணாததுதான் எனக்கு எரிச்சலாக இருந்தது. ஒருதடவை நான் சுட்டுப் பார்க்கட்டுமா என்று கேட்டான். கொடுக்கவில்லை. புது ரைஃபிளை முதல் நாளே அடுத்தவன் கையில் கொடுப்பார்களா?

செப்டம்பர் 11, புதன்

மரத்துப்போக ஊசி போடும்போது ஒரு நோயாளியின் உதட்டில் லேசாகப் பட்டுவிட்டது. அந்த ஆள் தலையை அசைத்தார். சும்மா இருந்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. ஒரு பொட்டு ரத்தம். மரிசா பஞ்சை எடுத்துக்கொடுத்தாள்.

இந்தப் பேனா சரியில்லை. எழுத எழுத எழுத்து சின்னதாகிக்கொண்டே போகிறது. நாளைக்கு வேறு வாங்கவேண்டும்.

செப்டம்பர் 14, சனி

தப்பு தோட்டாவில்தான். இப்போதுதான் புரிகிறது. ஒரே ரைஃபிளில் ஒரு கம்பெனித் தோட்டா நன்றாகப் போகும், இன்னொன்று போகாது, அதே கம்பெனியில் வேறு பெட்டி வாங்கினால்கூட மாறுமாம். இதை முன்கூட்டியே யாராவது சொன்னார்களா? சொல்லமாட்டார்கள்.

ஆறு வகை வாங்கினேன். ஆறு காகிதம் சுட்டேன். ஆறிலும் அம்மைதான்.

பேனா புதுசு. இதுவும் அப்படித்தான் எழுதுகிறது.

செப்டம்பர் 21, சனி

ஸ்கோப்பை மாற்றினேன். பழையது உள்ளே ஆடுகிறது என்று எனக்குச் சந்தேகம். கண்ணாடி வழியாகப் பார்த்தால் நடுவிலிருக்கும் சிலுவைக்கோடு வட்டம் போடுகிறது. புது ஸ்கோப்பிலும் அது வட்டம் போடுகிறது. நான்கு திருகாணிகளை மாட்டவே ஒரு மணி நேரம் ஆனது. சனியன் பிடித்த சின்னச் சின்னத் திருகாணி, கையில் நிற்கமாட்டேன் என்கிறது. கடைசியில் வளர்மதி வந்து வாங்கி முடுக்கிக் கொடுத்தாள்.

"மாமா, சித்த நேரம் பேசலாமுங்களா?"

"என்ன பேசணும்?"

"துப்பாக்கிய உட்டுப்போட்டுப் பேசலாமுங்க."

போட்டிக்கு மூன்று வாரம்தான் இருக்கிறது, அப்புறம் பேசலாம் என்றேன். அவள் திருகாணி முடுக்கிய சின்னச் சாவியை மேஜைமேல் வைத்துவிட்டுப் போனாள். இரவு சாப்பாட்டில் உப்பு இல்லை.

செப்டம்பர் 30, திங்கள்

ரைஃபிள் கம்பெனிக்காரனுக்கு எழுதிவிட்டேன். காட்டமாகவே எழுதினேன். துல்லியம் என்று விளம்பரம் செய்து விற்றது துல்லியமாகச் சுடவில்லை, குழலை மாற்றிக் கொடு என்று கேட்டேன். பதில் வந்திருக்கிறது. தோளில் வைத்துச் சுட்ட காகிதத்தை ஏற்கமாட்டார்களாம். ரைஃபிளை இறுக்கிப் பிடிக்கும் இரும்புத் தாங்கியில் பூட்டி, பத்துக் குண்டு சுட்டு, அதை வீடியோவும் எடுத்து அனுப்பவேண்டுமாம். எனக்கு வேறு வேலை இல்லை என்று நினைத்துக்கொண்டிருக்கிறான்.

போட்டி முடியட்டும், செய்கிறேன்.

அக்டோபர் 5, சனி

மழை. சங்கம் மூடியிருந்தது. மழை பெய்ததில் இவ்வளவு சந்தோஷப்பட்டது பள்ளிக்கூடத்தில் படிக்கும்போதுதான்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. கிளினிக்குக்கு மத்தியானத்தோடு லீவு.

எங்கள் வீட்டில் வருஷாவருஷம் நடப்பதுதான். பூஜை அறையில் என் பல் பிடுங்கும் குறடுகள், கண்ணாடி, ஊசி, வளர்மதியின் தையல் மிஷின், லேப்டாப், வாசலில் இரண்டு கார். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம், பூ. இந்த வருஷம் கேட்காமலே ரைஃபிளையும் பெட்டியிலிருந்து எடுத்து, தலைவாழை இலைமேல் படுக்க வைத்திருக்கிறாள். குழல்மேல் மூன்று பட்டையாக விபூதி. சந்தனம் கரைத்த கிண்ணத்தைக் காலி பண்ணிவிட்டாள் போலிருக்கிறது, ஒரு இடம் பாக்கி இல்லை.

"நாளைக்குப் போட்டி, இதை இங்கே வைத்தால் எப்படி எடுப்பேன்?"

பூஜையில் வைத்ததை மறுநாள் மறுபூஜை செய்துவிட்டுத்தான் எடுக்கவேண்டும். இது எனக்குத் தெரியாதா? போட்டி ஒன்பது மணிக்கு, ஒன்பதிலிருந்து ராகு காலம், அதற்கு முன்னால் ஏழு மணிக்கே எழுந்து மறுபூஜை முடித்துத் தருகிறேன் என்று சொன்னாள். எல்லாக் கணக்கும் அவளிடம் தயாராக இருக்கிறது.

கற்பூரம் காட்டும்போது கண்ணை மூடிக்கொண்டு, என்னமோ வாய்க்குள் வேண்டினாள். "ஆத்தா, அவர் கைய நீதான் பாத்துக்கோணும்" என்பது மட்டும் எனக்குக் கேட்டது. துப்பாக்கிக்கு முன்னால் நின்றுகொண்டு என் கையை எதற்கு வேண்டுகிறாள்? பதில் கேட்டுச் சண்டை போடப் போனேன், அவள் கன்னத்தில் கண்ணீர் இருந்தது. கற்பூரப் புகையாக இருக்கும்.

அக்டோபர் 12, சனி

மானம் போயிற்று.

மறுபூஜை முடித்து, குங்குமத்தைத் துடைத்து, ஒன்பதுக்குப் போய் நின்றேன். வரிசையில் இரும்புத் தகடுகள் நிற்கும், ஒவ்வொன்றாகச் சுட்டு விழவைக்கவேண்டும். என் முறை வந்தது. முதல் குண்டு எங்கேயோ போனது. இரண்டாவதுக்கு விசையை அழுத்தினால் 'டிக்' என்றொரு சத்தம், அவ்வளவுதான். ரைஃபிள் சிக்கிக்கொண்டது. நடுவர் வந்து குழலைப் பத்திரமான பக்கம் திருப்பச் சொல்லி, திறந்து பார்த்து, விரலை உள்ளே விட்டு எடுத்தார். விரல் நுனியில் மஞ்சளாகப் பசை. முகர்ந்து பார்த்தார். அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"இது என்ன எண்ணெய்? வாசனை பிரமாதம்" என்றார்.

இசக்கிராஜ் தரையில் உட்கார்ந்துவிட்டான். "யம்மா! துப்பாக்கிக்குச் சந்தனக்காப்பு பண்ணிக் கூட்டிட்டு வந்திருக்காரு வே!" சங்கமே திரும்பிப் பார்த்தது. காலி தோட்டா வெளியே விழுகிற வாயில் முழுக்க விபூதியும் சந்தனமும் கலந்து காய்ந்து, சிமெண்ட் பூசிய மாதிரி ஆகியிருக்கிறது.

காரில் வரும் வழியெல்லாம் வளர்மதியைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்தும் திட்டினேன். இவள் பூஜை மட்டும் இல்லையென்றால் இன்றைக்கு நான் என்னென்ன செய்திருப்பேன் தெரியுமா என்று கேட்டேன். நான் நிறுத்தியதும், "சந்தனம் பூசினது என்னோட தப்புத்தானுங்க மாமா" என்றாள். "ஆனா குத்தஞ்சொல்ல ஒண்ணு கெடச்சதும் நீங்க இன்னிக்கு எவ்வளவு சந்தோசமா இருக்கீங்கன்னு பாருங்க."

என்ன பேச்சு இது.

அக்டோபர் 13, ஞாயிறு

காலையில் உட்கார்ந்து ரைஃபிளைப் பிரித்துக் கழுவினேன். பல் தேய்க்கும் பிரஷ்ஷால் ஒவ்வொரு மூலையாகத் தேய்த்தேன். எண்ணெய் போட்டேன். கம்பெனிக்காரன் கேட்ட பரிசோதனையை இன்றைக்கே முடித்து அவன் முகத்தில் வீசவேண்டும் என்று ஆத்திரம். வீடியோ எடுக்க ஆள் வேண்டும், இசக்கிராஜைக் கூப்பிட்டால் ஊரெல்லாம் சொல்லுவான். வளர்மதியை அழைத்துக்கொண்டு போனேன்.

சங்கத்தில் இரும்புத் தாங்கியை வாடகைக்குத் தருகிறார்கள். மேஜையோடு திருகிப் பூட்டுவது. ரைஃபிளை அதில் வைத்து, முன்னும் பின்னும் இறுக்கினேன். தள்ளிப் பார்த்தேன், மலை மாதிரி நின்றது. இதில் வைத்துச் சுட்டால் தோளுக்கு வேலை இல்லை, கைக்கு வேலை இல்லை, விசையை லேசாகத் தொட்டால் போதும். வளர்மதி போனைத் தூக்கிப் பிடித்தாள். பத்து முறை சுட்டேன்.

காகிதத்தை எடுக்க நடந்து போனோம். போகும்போதே தெரிந்துவிட்டது. தூரத்திலிருந்து ஒரே ஒரு ஓட்டைதான் தெரிந்தது. கிட்டே போனால் கொஞ்சம் பெரிய ஓட்டை, விளிம்பு கிழிந்திருந்தது. சுண்டுவிரல் நகத்தை வைத்தால் மூடிக்கொள்ளும். பத்தும் அதற்குள் போயிருக்கின்றன.

கனத்த குழல், மலிவுத் தோட்டா. வாங்கியபடியே காட்டவேண்டும் என்று, நான் திட்டித் தீர்த்த பழைய ஸ்கோப்பைத்தான் இன்றைக்கு மாட்டியிருந்தேன். ஒன்றிலும் ஒரு குறை இல்லை. அந்தப் பச்சை குத்திய பையன் என்னை ஏமாற்றவில்லை. இந்த விலைக்கு இதைவிட நல்ல ரைஃபிள் கிடைக்காது.

"ஏனுங்க மாமா" என்றாள்.

"வாய மூடு."

இத்தனை வருஷத்தில் அவளை அப்படிச் சொன்னதில்லை. சொன்ன வேகத்தில் வெட்கமாகிவிட்டது. அவள் போனை அணைத்துக் கைப்பையில் போட்டாள். காகிதத்தை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டாள். என் கையில் அது படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அன்றைக்குக் காற்றே இல்லை.

"தோட்டாவ மாத்துனீங்க, கண்ணாடிய மாத்துனீங்க, பேனாவக்கூட மாத்துனீங்க" என்றாள். "நானும் இன்னிக்குச் சொல்லுவாரு, நாளைக்குச் சொல்லுவாருன்னு ஆறு மாசமாப் பாத்துட்டு இருக்கேனுங்க. எங்கிட்டச் சொல்லாட்டிப் போவுதுங்க. வாயத் தொறந்து உங்க முன்னாடி உக்கார்றாங்களே, அவுங்க என்ன பாவம் பண்ணுனாங்க?"

நான் அங்கேயே, காகிதத்துக்குப் பின்னால் குண்டைத் தாங்கும் மண் மேட்டின்மேல் உட்கார்ந்துவிட்டேன். பயமாக இருக்கிறது என்று சொன்னேன். முப்பது வருஷமாக இந்தக் கையைத் தவிர எனக்கு வேறு ஒன்றும் தெரியாது, இது போனால் நான் யார் என்று எனக்கே தெரியாது என்றேன். இன்னும் என்னென்னவோ சொன்னேன். பின்னால் ஆள்கள் சுடக் காத்திருக்கிறார்கள் என்று ஒலிபெருக்கியில் கூப்பிட்டார்கள். வளர்மதி அவர்களைப் பார்த்து, பொறுங்கள் என்று உள்ளங்கையைக் காட்டினாள். துப்பாக்கியோடு நின்ற ஏழெட்டு டெக்சஸ்காரர்கள் பேசாமல் பொறுத்துக்கொண்டார்கள்.

நரம்பு டாக்டருக்கு நாளைக்கு அவளே போன் செய்கிறாளாம். சரி என்றேன்.

அக்டோபர் 14, திங்கள்

காலையில் முதல் ஆள் சோலைராஜா. மதுரைப் பக்கம், கணினி வேலை, நம் கிளினிக்குக்குப் புதுசு. கடைவாய்ப்பல் சொத்தை வேர்வரைக்கும் போய்விட்டது, பிடுங்கத்தான் வேண்டும்.

நாற்காலியைச் சாய்த்து, விளக்கைத் திருப்பி, ஊசியை எடுத்தேன். பழைய சாமர்த்தியமெல்லாம் கைக்கு வந்தது. முழங்கையை விலாவோடு ஒட்டவைப்பது, மணிக்கட்டை நாற்காலியின் ஓரத்தில் ஊன்றுவது, நோயாளியைக் கண்ணை மூடச் சொல்வது. கண்ணை மூடச் சொன்னேன். மூடினார். எத்தனை மாதமாக எல்லாரையும் கண்ணை மூடச் சொல்லிக்கொண்டிருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

ஊசியைத் தட்டில் வைத்தேன். சத்தம் கேட்டு அவர் கண்ணைத் திறந்தார்.

"சோலைராஜா, ஒரு நிமிஷம். எனக்குக் கை நடுங்குது. கொஞ்ச நாளாவே நடுங்குது. உங்க பல்ல நான் எடுக்கக் கூடாது. பக்கத்து ரூம்ல டாக்டர் மரிசா இருக்காங்க, அவங்க எடுப்பாங்க. என்னைவிட நல்லா எடுப்பாங்க."

சொல்லிவிட்டேன். கூரை இடிந்து விழவில்லை. வாசலில் ஏதோ தேட வந்த மரிசா அப்படியே நின்றுவிட்டாள். அவளுக்குத் தமிழ் தெரியாது, ஆனால் அவள் பெயரும் தட்டில் கிடந்த ஊசியும் போதுமாக இருந்தன. கையுறையை மாட்டிக்கொள்ளப் போனாள்.

சோலைராஜா நாற்காலியின் இரண்டு கைகளையும் இறுக்கிப் பிடித்திருந்தார்.

"எனக்கும்தான் டாக்டர் நடுங்குது, காலையில எந்திரிச்சதுல இருந்து" என்றார். "இம்புட்டு வயசுக்கு மேல பல்லுக்குப் பயப்படுறேன்னு வெளிய சொல்ல வெக்கமா இருந்துச்சு. நீங்க சொன்னீங்க பாருங்க, அதான் நானும் சொல்லிட்டேன்."

மரிசா வந்து என் இடத்தில் உட்கார்ந்தாள். நான் போகாமல் இந்தப் பக்கம் ஒரு முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்து சோலைராஜாவின் கையைப் பிடித்துக்கொண்டேன். அவரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். இரண்டில் எது ஆடுகிறது என்று என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. மரிசா பல்லை எடுத்துத் தட்டில் போடும்வரை இருவரும் விடவில்லை.